ஆய்வு செய்தால் கலை வற்றிவிடுமா?

கலைஞன் உணர்பவன், ஆராய்பவன் வேறு ஆள் என்ற நம்பிக்கை தமிழ்க் கலைச் சூழலில் வெகுநாளாகக் கேள்வியின்றிப் புழங்குகிறது. கண்காட்சித் திறப்பு விழாக்களில் இதைப் பாராட்டாகவே சொல்வார்கள்: இவர் படித்துவிட்டு வரைபவர் இல்லை, உள்ளே ஊறுவதை வரைபவர். கலைக் கல்லூரி மாணவர் ஒருவர் ஏதோ ஓர் ஊரைப் பற்றிக் குறிப்பெடுப்பதும் அளப்பதும் விசாரிப்பதுமாகச் சில மாதங்களைச் செலவழித்தால், “வரைகிற வேலையை விட்டுவிட்டு உனக்கெதற்குப் பண்டிதர் வேலை?” என்று கேட்க ஆள் இருக்கிறது. கல்வெட்டு, தொல்லியல் வட்டாரத்துக்குப் போனால் அங்கே ஓவியர் என்பவர் நூலுக்கு அட்டைப்படம் போட்டுத் தருபவர். கருத்தரங்க மேடையில் அவருக்குப் பொன்னாடை உண்டு, பேச நேரம் கிடையாது. இந்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்த்து முகம் சுளித்தாலும், அறிவது ஒருவர் வேலை, அழகாக்குவது இன்னொருவர் வேலை என்பதில் இருவருக்கும் பூரண உடன்பாடு.

இந்த நம்பிக்கைக்கு மூன்று கிளைகள். ஆய்வு உணர்ச்சியை வறள வைக்கும் என்பது முதலாவது. நம் கலை மரபே அருளாலும் உள்ளொளியாலும் வந்தது, ஆய்வுக் கலை என்பதெல்லாம் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்பது இரண்டாவது. அறிஞர்கள் ஆய்வை முடித்துக் கொடுத்தபின் அதற்கு உருவம் தருவதுதான் கலைஞரின் பங்கு என்பது மூன்றாவது. மூன்றும் பிழை என்பது என் கட்சி. ஆய்வு என்பது கலைக்கு முன்னால் ஏறிக் கடக்க வேண்டிய ஒரு படி என்ற எண்ணத்திலேயே கோளாறு தொடங்குகிறது. வரைகிற கை வரையும்போதே ஆராய்கிறது. அந்தக் கை கேட்கும் கேள்விகளில் சிலவற்றை வேறு எவரும் கேட்பதில்லை. இதைப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம் என்பதால், ஒரு மலையின் மேல் வைத்துப் பேசுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல் மலை. மலை மேல் முக்தியாலீஸ்வரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகளோடு நிற்கிறது. வால்மீகி முக்தி அடைந்த இடம் இது என்பது தலபுராணம். மலையில் ஒரு குகை உண்டு. சீதை அங்கே தங்கிப் பிள்ளை பெற்றாள் என்று ஊரார் நம்புவதால் அதற்குச் சீதை குகை என்று பெயர். அந்தக் குகைப் பாறையில், வரலாற்றுக்கு முந்தைய மனிதர்களுடையவை என்று கருதப்படும் கீறல் உருவங்கள் இருக்கின்றன. கர்நாடகப் போர்களின் காலத்தில் இது கோட்டை மலை. ஆங்கிலேயரின் ஆவணங்களில் பெர்மாகாயில். 1760இல் வந்தவாசியில் வென்ற சூட்டோடு ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை இதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது. 1782இல் ஹைதர் அலியின் கைக்குப் போனது. பெயர் தெரியாத ஆதி மனிதனின் கீறல், சோழர் கால எழுத்து, இராமாயணக் கதை, பீரங்கிக் காலத்து மதில் என நாலும் ஒரே மலையில் கிடக்கின்றன.

இப்படிப்பட்ட பாறைக் கீறல்கள் நம்மிடையே எப்படிப் புழங்குகின்றன? ஆய்வாளர்கள் அவற்றைச் சிந்துவெளிக் குறிகளோடும் பானை ஓட்டுக் குறியீடுகளோடும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அது தேவையான வேலைதான். ஓவியர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் புகைப்படத்தைப் பார்த்து அந்த வடிவங்களை அப்படியே கித்தானில் ஏற்றி, செம்மண் நிறப் பின்னணி கொடுத்து, ‘ஆதி’ என்றோ ‘வேர்கள்’ என்றோ பெயர் வைக்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அதே வடிவம் சேலைக் கரைக்கும் ஓட்டல் வரவேற்பறைச் சுவருக்கும் வந்துவிடுகிறது. ஆய்வின் நிழல் படாத உள்ளுணர்வு நமக்குத் தந்திருப்பது இதைத்தான். பத்து ஓவியர்களின் பத்து உள்ளங்களிலிருந்து ஊறி வந்த படங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பது ஏன் என்று அருள்வாதிகள் ஒரு கணம் யோசிக்க வேண்டும். தெரிந்துகொள்ள மறுக்கும் மனம் வெறுமையாக இருப்பதில்லை. ஏற்கெனவே பார்த்த படங்கள் வந்து அதை நிரப்பிவிடுகின்றன. ஓவியர் அவற்றையே தன் உள்ளொளி என்று நம்பிவிடுகிறார்.

இப்போது வேறு மாதிரி ஓர் ஓவியர் சீதை குகைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எதிர்கொள்வது வெளிச்சம். கீறல் என்பது நிறமில்லாத கோடு. நேராக அடிக்கும் வெளிச்சத்தில் அது பாறையோடு பாறையாக மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மட்டும் பள்ளத்துக்குள் நிழல் தங்கிக் கோடு எழும்பும். ஆகவே எந்த நேரத்தில் எந்தக் கோடு தெரிகிறது என்று அவர் குறிக்க வேண்டியிருக்கிறது. புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று இத்தகைய கீறல்களின் மேல் சாக்பீஸைத் தேய்க்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. பாறையின் மேற்பரப்பைக் கெடுப்பதோடு, எது கீறல் எது இயற்கை வெடிப்பு என்ற தீர்ப்பைத் தேய்ப்பவர் அவசரத்தில் எழுதிவிடும் காரியமும் அது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பென்சிலால் வரைபவர் அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். வரைந்து முடித்த தாளில் சந்தேகக் கோடுகளும் சந்தேகக் கோடுகளாகவே நிற்கும். கேமராவுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

அடுத்து உடம்பு. இந்தக் கோட்டை இழுத்தவர் நின்றாரா, குந்தினாரா, படுத்தாரா? கை எட்டும் வரையில் கோடு நேராக ஓடி, மணிக்கட்டு திரும்பும் இடத்தில் வளைகிறதா? ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு ஏறும்போது முந்தியது எது, பிந்தியது எது? ஒரே கையா, பல கைகளா? கீறல்களின் வயதைச் சொல்வது கடினம் என்பது தொல்லியலில் எல்லாரும் அறிந்தது. செங்காவி ஓவியத்தில்கூடச் சில சமயம் ஆய்வுக்குரிய கரிமப் பொருள் சிக்கும். கல்லை நோண்டிய பள்ளத்தில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. எப்போது என்பதற்குப் பதில் கிடைக்காத இடத்தில் எப்படி என்ற கேள்விதான் மிச்சம். அந்தக் கேள்விக்குக் கருவி பழகிய கையே தகுதியான சாட்சி.

அவர் அதோடு நிற்கமாட்டார். மலையடிவாரத்தில் உடைந்து கிடக்கும், யாருடைய அடையாளமும் இல்லாத ஒரு கருங்கல் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, வெள்ளைக் கல்லால் அதில் தேய்த்துப் பார்ப்பார். ஒரு விரல் நீளக் கோட்டுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கை எங்கே வலிக்கிறது, முனை எப்போது மழுங்குகிறது என்று பார்ப்பார். அங்கேதான் பட்டறைக்கான முடிவு உருவாகிறது. கரிக்கோலோ தூரிகையோ தாளின் மேல் ஒன்றைச் சேர்க்கிறது. பாறைக் கீறல் இருப்பதிலிருந்து கொஞ்சத்தை எடுக்கிறது. எடுப்பதால் பிறந்த கோட்டைச் சேர்ப்பதால் பிறக்கும் கோட்டால் சொல்ல முடியாது என்று கை கண்டுகொண்டால், ஓவியர் கித்தானை ஒதுக்கிவிட்டு மரச்செதுக்குக்கோ லினோவுக்கோ செப்புத் தகட்டுக்கோ சாந்துப் பலகைக்கோ போவார். படைப்பின் ஊடகமே மாறிவிடுகிறது. அருள் வந்து அதை மாற்றவில்லை. ஒரு துண்டுக் கல்லில் செய்து பார்த்த சோதனை மாற்றியது. இதை ஆய்வு என்று சொல்லாமல் வேறு எதை ஆய்வு என்பது?

பிறகு கழித்தல். அந்த மலையைப் பற்றி அவர் அறிந்துகொண்டதெல்லாம் படைப்பில் வரப்போவதில்லை. அயர் கூட்டை விட்டுவிடலாம். சோழர் கல்வெட்டுகளையும் விட்டுவிடலாம். அல்லது கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுக்கும் முறையைப் பிடித்துக்கொள்ளலாம். நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றி எடுக்கும்போது பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் வருகிறதே, அந்தத் தலைகீழ்க் காட்சியையே தன் பதிப்போவியத்தின் மொழியாக ஆக்கிக்கொள்ளலாம். எதைக் கழித்தோம் என்று தெரிந்து கழிப்பவருக்கும், ஒன்றும் தெரியாததால் ஒன்றும் இல்லாமல் வைத்திருப்பவருக்கும் இடையிலான தூரத்தைப் பார்வையாளர் உணர்ந்துவிடுவார், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

மலையை விட்டு இறங்கித் திண்டிவனம், வானூர் வட்டாரத்தில் நடமாடுகிறவருக்குக் கல் குவாரியும் கிரஷரும் ஜல்லி லாரியும் புதிதல்ல. ஆதி மனிதன் கோடு இழுத்த அதே வகைக் கருங்கல் இன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டு, அரைபட்டு, சாலைக்கும் கட்டடத்துக்கும் போகிறது. விரல் நீளக் கோட்டுக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று தன் கையால் அளந்தவருக்கு, ஒரு லாரி ஜல்லி என்ன என்பது வேறு கணக்கில் புரியும். இந்த இணைப்பு மேசை முன் கண்ணை மூடி உட்கார்ந்தவருக்குத் தோன்றியிருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். ஆய்வு உணர்ச்சியை வறள வைக்கிறது என்பவர்களுக்கு என் பதில் இதுதான். கோபத்துக்குக்கூட ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளை அறியாதவனின் கோபம் மேடைக் கோபமாகத்தான் முடியும்.

நான் சொல்வது வெறும் கற்பனை என்று தோன்றினால் விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கரை நினைத்துப் பார்க்கலாம். உஜ்ஜயினிக்காரர், ஓவியம் பயின்றவர். 1957இல் ரயிலில் போகும்போது தூரத்துப் பாறைக் குன்றுகளைக் கண்டு, இறங்கிப் போய்ப் பார்த்த இடம்தான் பீம்பேட்கா. 2003இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற, இந்தியாவின் மிகப் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் செய்த வேலை பெரும்பாலும் பாறை பாறையாக உட்கார்ந்து வரைந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும் ஓவிய அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க அவருக்கு உதவியது ஓவியனின் கண். எந்த நிறம் எந்த நிறத்தின் மேல் படிந்திருக்கிறது என்பது தூரிகை பிடித்தவனுக்கு எளிதில் பிடிபடும் விஷயம்.

இதன் மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிரான்சின் ஆன்றி ப்ரூய் பாதிரியார், ஐரோப்பியக் குகை ஓவியங்களை வரைந்தே ஆராய்ந்தவர். த்ருவா ஃப்ரேர் குகையில் அவர் பார்த்து வரைந்த கொம்பு முளைத்த மாந்திரீகன் உலகப் புகழ் பெற்றான். எத்தனையோ நூல்கள் அந்த உருவத்தை வைத்து ஆதிச் சமயத்தைப் பற்றிக் கோட்டை கட்டின. பின்னாளில் எடுத்த புகைப்படங்களில் அந்தக் கொம்புகள் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ப்ரூய் கண்டதா, கை சேர்த்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அப்படியானால் ஓவியனை நம்பக் கூடாது என்றுதானே ஆகிறது என்பார்கள். இல்லை. வரைதல் ஒரு கருதுகோள் என்றுதான் ஆகிறது. அது தவறாகலாம், சோதிக்கப்படலாம், திருத்தப்படலாம். தவறாக வாய்ப்புள்ள ஒன்றைத்தான் அறிவு முயற்சி என்கிறோம். வெறும் அலங்காரத்தைப் பார்த்து யாராவது இது சரியா தவறா என்று வழக்காடியிருக்கிறார்களா?

அறிஞர்கள் எப்போதும் சரி, கலைஞர்கள் எப்போதும் மிகை என்பவர்களுக்கு அல்தாமிராவின் கதை போதும். 1879இல் ஸ்பெயினில் அந்தக் குகை ஓவியங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது பெரிய ஆய்வாளர்கள் நம்ப மறுத்தார்கள். ஆதி மனிதனால் இவ்வளவு நுட்பமாக வரைய முடியாது, சமகால ஓவியர் யாரோ செய்த மோசடி என்றுகூடப் பேச்சு எழுந்தது. மறுத்தவர்களில் ஒருவரான எமீல் கார்த்தயாக் தன் அவநம்பிக்கைக்கு வருத்தம் தெரிவித்து எழுத 1902 வரை ஆயிற்று.

மரபு பேசுபவர்களிடம் வருவோம். நம் மரபு அருளின் மரபு, அங்கே ஆய்வுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். பெருமுக்கல் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயில் ஆக்கப்பட்டது என்று பெருமையோடு அறிவிக்கிறது. அதை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். என்னென்ன பொருள்களை விலக்கினோம் என்ற பட்டியல்தான் அந்தச் சாதனை அறிவிப்பின் சாரம். அதுவரை தெரிந்த கட்டடப் பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கி, மிஞ்சிய கருங்கல்லில் என்ன முடியும் என்று பார்த்த சோதனைக் குறிப்பு அது. ‘விசித்திரசித்தன்’ என்று பட்டம் தாங்கிய அரசன் அங்கே கடவுளின் அருளைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போயிருக்கலாம். பொருள்களைப் பற்றிப் பேசத்தான் தேர்ந்தெடுத்தான்.

சுவாமிமலைக்குப் போனாலும் இதே கதைதான். ஸ்தபதி சிலைக்கு உயரம் குறித்துக்கொண்டு, தென்னை ஓலை நறுக்கை அந்த நீளத்துக்கு வெட்டி, மடித்து மடித்துத் தாள அளவுகளைக் குறித்துக்கொள்கிறார். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துப் பிடித்து உருவம் செய்கிறார். காவிரி வண்டல் மண்ணை மேலே பூசுகிறார். மெழுகு எந்தப் பதத்தில் இருந்தால் வெயிலில் தொய்யாது, மண் எந்தப் பதத்தில் இருந்தால் உருக்கிய உலோகம் ஊற்றும்போது வெடிக்காது என்பதெல்லாம் எத்தனையோ தலைமுறைகளின் தோல்விகளிலிருந்து சேர்ந்தவை. இதையெல்லாம் தியான சுலோகத்தின் பின்னால் மறைத்துவிட்டு அருள் என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது ஸ்தபதிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் அறிவைத் திருடிக் கடவுள் கணக்கில் எழுதுகிற வேலை அது. அவருக்குக் கைவினைஞர் என்ற கீழ்ப்பதவியே இன்றும் தரப்படுவதற்கு இந்தக் கணக்கு வழக்கும் ஒரு காரணம்.

ஆய்வு உருவத்துக்குள் எப்படிக் கரைய வேண்டும் என்பதற்குக் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைக் காட்டலாம். கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் உருவாகி 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. மொத்த உயரம் 133 அடி, அதிகாரங்களின் எண்ணிக்கை. பீடம் 38 அடி, அறத்துப்பால். மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும். இந்த எண்கள் எதுவும் அறியாத ஒருவர் படகில் போய் நின்று பார்த்தாலும் அவரைப் பிடித்து நிறுத்துவது அந்த இடுப்பின் ஒசிவு. கடற்காற்றுக்கும் அலைக்கும் நடுவே அத்தனை டன் கல்லை ஒசித்து நிறுத்துவதற்குக் கணக்கும் சிற்ப நூல் அறிவும் வேண்டியிருந்தன. எண்களின் குறியீடு அறிந்தவருக்கு ஒரு கூடுதல் சுவை. ஒசிவு எல்லாருக்குமானது. நூலில் கற்றதைக் கல்லின் தோரணையாக மாற்றியதில்தான் கலை இருக்கிறது. அந்த மாற்றம் அறிவைக் கைவிட்டதால் நிகழவில்லை, கடைசி வரை கொண்டுபோனதால் நிகழ்ந்தது.

மூன்றாவது கிளை, அறிஞர் ஆய்ந்து கொடுப்பார், கலைஞர் படம் போடுவார் என்பது. தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தின் வரலாறே இதற்கு எதிர்ச்சாட்சி. சில்பி ஆனந்த விகடனில் பல ஆண்டுகள் வரைந்த கோயில் சிற்பங்கள், சந்நிதிகளில் உட்கார்ந்து வெளிச்சத்துக்காகக் காத்திருந்து வரைந்தவை. ஒரு சிற்பத்தின் எந்த மூட்டில் எந்த ஆபரணம் எப்படித் தொங்குகிறது என்பதை அவர் கோடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட வாசகர்கள் ஏராளம். கல்கி, ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்காக ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார். 1950 முதல் 1954 வரை வந்த அந்தத் தொடரில் மணியம் வரைந்த கொண்டையும் கச்சையும் மணிமுடியும்தான் இன்று வரை பெரும்பாலான தமிழர் மனத்தில் சோழர் காலம். வரலாற்று நூல்களைப் படித்து அந்தக் காலத்தைக் கற்பனை செய்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

அதற்குப் பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலை வைத்துப் பாருங்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். சோழர் தம்மைத் தாமே வரைந்துகொண்ட சாட்சி அது. அந்தச் சுவரைப் பார்க்காதவர் மனத்திலும் மணியத்தின் சோழர் வாழ்கிறார்கள். அப்படியானால் கலைஞர் வரைவது அலங்காரமா, வரலாறா? மக்களிடம் போய்ச் சேரும் வரலாற்றைக் கலைஞர்தான் எழுதுகிறார் என்னும்போது, ஆராய வேண்டாம், உணர்ந்தால் போதும் என்று அவருக்கு உபதேசிப்பது பொறுப்பற்ற பேச்சு. திரைப்படக் கலை இயக்குநர் தவறான கவசத்தை மாட்டினால் கூட்டம் கூடிக் கண்டிக்கிறோம். ஆனால் ஆய்வுக்கென அவருக்கு எத்தனை மாதம் தரப்பட்டது என்று கேட்பதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இன்றைய கலைவிழாக்களில் ஆய்வுக் கலை என்ற பெயரில் வைக்கப்படுவதைப் பாருங்கள் என்கிறார்கள். மேசை நிறைய நகலெடுத்த ஆவணங்கள், சுவர் நிறைய வரைபடங்கள், காதுக்கு ஒரு நேர்காணல், படித்து முடிக்க ஒரு வாரம் பிடிக்கும் உரைகள். பார்வையாளர் பத்து நிமிடம் மேய்ந்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு வெளியேறுகிறார். பிரிட்டிஷ் கலை விமர்சகர் கிளேர் பிஷப் 2023இல் ஆர்ட்ஃபோரம் இதழில் எழுதிய நீண்ட கட்டுரையின் குற்றச்சாட்டும் ஏறத்தாழ இதுவே: தகவலைக் குவித்து வைக்கிறார்கள், அதை உருக்கி ஒரு வடிவமாக்கும் பொறுப்பைப் பார்வையாளர் தலையில் கட்டிவிடுகிறார்கள். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. கொச்சி பியனாலேயிலும் சென்னையிலும் இப்படிப்பட்ட மேசைகளைக் கடந்து வந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் இதிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவுதான் தலைகீழ். அங்கே ஆய்வு மிகுந்துபோகவில்லை. பாதி வழியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. சேகரிப்பு நடந்தது; கை ஈடுபடவில்லை. சமைக்காத அரிசியைப் பரிமாறிவிட்டார்கள் என்பதற்காக அரிசியே வேண்டாம் என்பாருண்டா?

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 2011ஆம் ஆண்டு நூல்வடிவப் படைப்பு இதற்குத் தெளிவான பதில். அது எடுத்துக்கொண்ட வடிவம் தோம்பு; அதாவது, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் வழங்கும் நிலப் பதிவேடு. போரில் வீடிழந்து இடம்பெயர்ந்த தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் போய், தங்கள் வீட்டின் தள வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார் சனாதனன். அந்த வரைபடங்களோடு அவர்களின் நினைவுகளும் சேர்ந்து, முற்றுப்பெறாத ஒரு தோம்பாக, அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் அந்த நூல் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று பக்கப் பார்வை. வீட்டுக்காரர் கை நடுங்க வரைந்த கோடு ஒன்று. கட்டடக் கலைஞரின் அளவுப்படம் இன்னொன்று. ஓவியரின் வண்ணச் சுண்ணக்கோல் சித்திரம் மூன்றாவது.

இது கள ஆய்வு இல்லையா? எந்தச் சமூகவியல் துறையும் பொறாமைப்படக்கூடிய கள ஆய்வு. ஆனால் சமூகவியலாளர் என்ன கேட்டிருப்பார்? எந்த ஆண்டு வெளியேறினீர்கள், எத்தனை பேர், சொத்தின் மதிப்பு என்ன என்று கேட்டிருப்பார். ‘வரைந்து காட்டுங்கள்’ என்று கேட்க ஓவியருக்குத்தான் தோன்றியது. வரையச் சொன்னதால் வாய் சொல்லாததைக் கை சொன்னது. கிணறு பெரிதாகவும் வீடு சிறிதாகவும் வருகிறது என்றால் அது அளவுப் பிழை இல்லை. அங்கே வாழ்ந்த வாழ்க்கையின் விகிதம். அரசின் நிலப் பதிவேடு எந்த வடிவத்தில் உரிமையைப் பறிக்கவும் தரவும் வல்லதோ, அதே வடிவத்தை எடுத்து இழந்தவர்களின் கையில் கொடுத்தது படைப்பின் உச்சம். இதில் ஆய்வு எங்கே முடிந்து கலை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொரு திசையில் கே.சி.எஸ். பணிக்கர் இருக்கிறார். சென்னை கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் தோன்றக் காரணமானவர். 1963இலிருந்து அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்கு நோட்டின் சூத்திரம், எழுத்துப் போன்ற ஆனால் வாசிக்க முடியாத வரிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. ஏடுகளின் பக்கம் எப்படி நிறைகிறது, எழுத்து கண்ணை எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தவர்தான் பொருளை நீக்கிவிட்டு எழுத்தின் தோரணையை மட்டும் நிறுத்த முடியும். தகவலே இல்லாத, ஆனால் ஆய்வு நிரம்பிய படங்கள் அவை. ஆய்வுக் கலை என்றால் தகவல் பலகை என்று நினைப்பவர்கள் இந்த ஓவியங்களின் முன்னால் நின்று தங்கள் சூத்திரத்தைச் சரிபார்க்கலாம்.

இவ்வளவும் ஏன் பேச வேண்டியிருக்கிறது என்றால், இந்தத் தவறான நம்பிக்கைக்கு நடைமுறையில் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. அங்கே கோடு பயின்று வெளியேறும் இளைஞர்களில் எத்தனை பேரைத் தொல்லியல் துறை பாறை ஓவியங்களை, கீறல்களை வரைந்து பதிவு செய்யும் வேலைக்கு அழைக்கிறது? விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் பெருமுக்கல் தவிரக் கீழ்வாலையின் செங்காவி உருவங்கள் இருக்கின்றன. பனைமலையில் இராஜசிம்மன் எடுத்த தாளகிரீஸ்வரர் கோயிலில், குடையின் கீழ் ஒசிந்து நிற்கும் தேவியின் பல்லவர் கால ஓவியம் எஞ்சியிருக்கிறது. மண்டகப்பட்டும் தளவானூரும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆதிக் கோட்டிலிருந்து பல்லவர் தூரிகை வரை ஒரு மாணவர் பேருந்தில் போய்ப் படிக்கக்கூடிய தூரத்தில் இத்தனையும் கிடக்க, நம் ஓவிய மாணவர்கள் வகுப்பறையில் பிளாஸ்டர் தலையை வரைந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளொளி போதும் என்ற உபதேசம் அவர்களைப் பேருந்து ஏறவிடாமல் தடுக்கிறது. ஆய்வு அறிஞர் வேலை என்ற கர்வம் ஏறிப் போனவர்களுக்கும் கதவைச் சாத்துகிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கள வரைவை ஓவியப் பட்டப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்கலாம். படைப்போடு கள நோட்டையும் சேர்த்து மதிப்பிடலாம். எதை எடுத்தோம் என்பதைப் போல எதை விட்டோம் என்பதற்கும் மாணவர் பதில் சொல்லட்டும். தொல்லியல் அறிக்கைகளில் வரைந்தவர் பெயரை நன்றியுரையின் கடைசி வரியிலிருந்து எடுத்து, ஆய்வாளர் பெயருக்குப் பக்கத்தில் போடலாம். நல்கை தரும் நிறுவனங்கள், முடிவில் தொங்கவிடப்போகும் படத்துக்கு மட்டுமின்றி, பாறை முன் உட்கார்ந்திருக்கும் நாள்களுக்கும் பணம் தர வேண்டும். கலை விமர்சகர்கள், ‘ஆழமான உள்ளுணர்வு’ என்று எழுதும் முன், அந்த உள்ளுணர்வு எங்கே போய் எதைப் பார்த்துவிட்டு வந்தது என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

கலைஞனை ஆய்விலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று புறப்பட்டவர்கள் உண்மையில் அவனை அறிவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பெருமை என்று அவனையே நம்பவும் வைத்திருக்கிறார்கள். சீதை குகையில் கல்லைக் கல்லால் தேய்த்தவர், எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்று அறிந்த பிறகுதான் முதல் கோட்டை இழுத்திருக்க முடியும். அந்த அறிவை அவருக்கு யாரும் ஆய்ந்து எழுதிக் கொடுக்கவில்லை. அறிந்தவரும் வரைந்தவரும் அங்கே ஒரே ஆள். அவர்களை இரண்டாகப் பிரித்தது பிற்காலத்துத் துறைப் பிரிவினை. அதை மரபு என்று சொல்லிக் காப்பாற்ற வேண்டிய கடமை நமக்கில்லை.